வாசலில் விட்ட செருப்பு

லஸ் கடைத்தெருவில் காய் வாங்கித் திரும்பும்போதுதான் கவனித்தேன். என் கணவரின் வலதுகால் செருப்பு கழன்று தெருவில் கிடந்தது. அவர் அது தெரியாமலே நடந்துகொண்டிருந்தார். "பராக்குப் பார்த்துண்டு நடந்தா இப்படித்தான்" என்று சிரித்தேன். சிரித்திருக்கக் கூடாது.

நியூரோபதி (சர்க்கரை நோயால் நரம்புகள் உணர்விழத்தல்) என்றார் டாக்டர். அதற்குள் உள்ளங்காலில் புண் வந்து, ஒரு விரலை எடுக்க வேண்டியதாயிற்று. "இன்னொரு புண் வந்தா பாதத்தையே எடுக்கும்படி ஆகலாம்மா" என்றார்.

புண் ஆறியதும் செருப்புக்குள் வைக்க மெல்லிய சென்சார் (அழுத்தத்தை அறியும் கருவி) ஒன்று கொடுத்தார்கள். கரி பூசிய காகிதம்தான். ஒரே இடத்தில் பாரம் கூடினால் என் கைப்பேசி கத்தும். எப்போது கத்துமோ என்று அதைக் கையைவிட்டுக் கீழே வைக்கவே மாட்டேன்.

பங்குனி வெயிலில் கோயிலுக்குப் போனோம். கல் சுட்டது. நான் ஐயோ அம்மா என்று நிழலுக்கு ஓடினேன். அவர் நிதானமாகப் பிரகாரம் சுற்றினார். கைப்பேசி மூச்சு விடவில்லை. அப்பாடா, சாமி கண் திறந்துவிட்டார் என்று நினைத்தேன்.

வாசலில் செருப்பைப் பார்த்ததும் தூக்கிவாரிப் போட்டது. காகிதம் இவ்வளவு நேரமும் இங்கேயல்லவா கிடந்தது!

"ஏன்னா, உட்காருங்கோ. காலைக் காட்டுங்கோ!"

"ஒண்ணுமில்லடி. வலிக்கவே இல்லையே."

வலிக்காது. அதுதானே வியாதி! உள்ளங்கால் முழுக்கக் கொப்புளம்.

அடையாறில் ஆஸ்பத்திரி நடைவழியிலேயே டாக்டரை மறித்தேன். "பாதம் தங்குமா?"

"சீழ் வைக்காம இருக்கணும்மா. இப்ப எதுவும் சொல்ல முடியாது."

ஒவ்வொரு முறை கட்டுப் பிரிக்கும்போதும் உயிர் போய் வந்தது. "காலை எடுத்துட்டா பிரகாரம் சுத்த முடியாதோல்லியோ?" என்று ஒருநாள் கேட்டார். "வாயை மூடுங்கோ" என்று எரிந்து விழுந்துவிட்டு, குளியலறையில் போய் அழுதேன்.

பாதம் பிழைத்தது. உங்கள் வீட்டிலும் இந்த வியாதி இருந்தால், கருவி சும்மா இருக்கிறதே என்று நீங்களும் சும்மா இருக்காதீர்கள். தினமும் பாதத்தைத் திருப்பிப் பாருங்கள்.

இப்போது சாயங்காலம்தான் கோயிலுக்குப் போகிறோம். காகிதத்தைத் துணிக் காலுறைக்குள் வைத்துத் தைத்திருக்கிறேன். ஆனால் அது பாரத்தைத்தான் சொல்லும், சூட்டைச் சொல்லாது. அதனால் கல்லில் முதலில் என் கால்.

"சுடறதாடி?" என்று என் தோளைப் பிடித்தபடி நிற்கிறார்.

முன்பெல்லாம் ஓடிவிடுவேன். இப்போது உள்ளங்காலை நன்றாக அழுத்தி, அது சொல்லும்வரை நிற்கிறேன். சுட்டால், எனக்காவது சுடுகிறதே என்று இருக்கிறது.