பெட்டியில் விழுந்த ஸலாம்

“ஆர் இந்தப் பொம்பிளை?” என்று கேட்டார் சரீபா மாமி.

“ஒருத்தருமில்லை மாமி. மெசினுக்குள்ள இருக்கிற குரல். நீங்கள் வீட்டில இல்லாத நேரம் ஆரும் போன் எடுத்துக் கூப்பிட்டா இது பேசும். பிறகு அவை சொல்லுறதைப் பதிஞ்சு வைக்கும்,” என்றாள் இர்ஷானா.

“இங்கிலீசிலயோ?”

“ஓம்.”

“எனக்குப் போன் எடுக்கிற மீன்காரனுக்கு இங்கிலீசு எதுக்கு?”

இர்ஷானாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. “தமிழிலயும் போடலாம். இந்தப் பொத்தானை அமத்திப் பிடிச்சுப் பேச வேணும்.”

“அப்ப நீ பேசு.”

“ஐயோ, நான் மாட்டன். நீங்கள் பேசுங்கோ.”

“என்ட மூச்சு வாங்குறதுதான் கேக்கும். நீ ஏன் வெக்கப்படுறாய்? பொண்ணு பாக்கவா கூப்பிடுறன்?”

“பிறகு பாப்பம் மாமி.”

அந்தப் ‘பிறகு’ எட்டு மாதமாக வரவில்லை. இரண்டாயிரத்துப் பன்னிரண்டில், எருக்கலம்பிட்டியில் ஓடு போட்டு இன்னும் பூசி முடியாத அந்த வீட்டில், மாமி இல்லாத நேரமெல்லாம் ஆங்கிலக்காரியே பேசிக்கொண்டிருந்தாள். போனை மகன் ஸாஜித் கத்தாரிலிருந்து கொடுத்துவிட்டிருந்தான். ஆங்கிலம் படிப்பிக்கிற பக்கத்து வீட்டுப் பெண் என்பதால், அதைப் பொருத்திக் கொடுக்கும் வேலை இர்ஷானாவுக்கு வந்தது.

தொண்ணூறில் முஸ்லிம்களை வடக்கிலிருந்து துரத்தியபோது வள்ளத்தில் ஏறிப் போன சனத்தில் மாமியும் ஒருவர். கற்பிட்டியில் இறங்கி, புத்தளத்தில் ஓலைக் கிடுகுக் கொட்டிலில் இருபது வருடம் இருந்தார். இடியப்பம் அவித்துக் கடைகளுக்குக் கொடுத்துத்தான் ஸாஜித்தை வளர்த்தார். கணவர் மௌத்தானதும் அடக்கப்பட்டதும் புத்தளத்தில்தான். சண்டை முடிந்து ஊருக்குத் திரும்பலாம் என்று ஆனபோது மாமி முதல் லொறியிலேயே சாமான் ஏற்றினார். அவருடைய அண்ணன், அப்துல் ஹமீட் நானா, வரவில்லை. பிள்ளைகளின் படிப்பும் கடையும் அங்கே வேர்விட்டிருந்தன. லொறிக்குப் பக்கத்தில் நின்று அவர் கேட்டது ஒரே ஒரு கேள்விதான்.

“மச்சானை இந்த மண்ணில தனிய விட்டுட்டோ போறாய்?”

“உம்மாவும் வாப்பாவும் ஊர் மண்ணில இருபது வருசம் தனியக் கிடக்கினம். அதை நீங்கள் கேக்கேல்லையே,” என்றார் மாமி.

அதன் பிறகு இரண்டு வருடம் பேச்சில்லை. பெருநாளுக்குக்கூட நானாவின் மனைவி, மச்சிதான் போன் எடுப்பார். பின்னால் நானா இருமுவது கேட்கும். அந்த இருமலைக் கேட்டே மாமி ஆளின் சுகத்தைத் தெரிந்துகொள்வார்.

ஒரு வியாழக்கிழமை மாமி அடுத்த தெருவில் மௌத்து வீட்டுக்குப் போயிருந்தார். திரும்பி வந்தபோது போன் பெட்டியில் சிவப்பு வெளிச்சம் மின்னியது. கூப்பிட்ட குரலுக்கு இர்ஷானா ஓடிவந்து பொத்தானை அமத்தினாள்.

“அஸ்ஸலாமு அலைக்கும்.”

நானாவின் குரல். கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. பின்னணியில் ஒரு மோட்டார்ச் சைக்கிள் போனது.

“அஸ்ஸலாமு அலைக்கும்... சரீபா?”

மறுபடியும் மௌனம். மூன்றாவது ஸலாம் மிக மெதுவாக வந்தது. அதற்குப் பிறகு, “சரி. விளங்கிட்டுது,” என்ற சொல்லோடு இணைப்பு அறுந்தது.

என்ன நடந்தது என்று இர்ஷானாவுக்கு உடனே தெரிந்துவிட்டது. ஆங்கிலத்தில் ஒரு பெண் பேசினால் அது போன் கம்பனியின் அறிவிப்பு என்றுதான் சனம் நினைக்கும். அவள் பேசி முடிய, ‘கீ’ என்ற சத்தத்துக்குப் பிறகு லைன் திறந்ததும், தங்கை எடுத்துவிட்டாள் என்று நானா ஸலாம் சொல்லியிருக்கிறார். ஸலாமுக்குப் பதில் வராமல் கதையைத் தொடங்குகிறவர் இல்லை அவர். ஸலாம் சொல்லாமல் விட்டாலும் விடலாம். கேட்டவர் பதில் சொல்லியே ஆகவேண்டும், அது மார்க்கக் கடமை. இரண்டு வருட வீறாப்பை விட்டுவிட்டு வந்த மனிதருக்கு மூன்று முறையும் தங்கை வாய் திறக்கவில்லை.

மாமி பெட்டியைப் பார்த்தபடியே மூன்று தரம் பதில் சொன்னார். “வ அலைக்குமுஸ்ஸலாம்.” ஒவ்வொன்றுக்கும் நடுவில் நானா விட்ட அதே அளவு இடைவெளி விட்டார். பிறகு புத்தளத்துக்குப் போன் எடுத்தார். மச்சிதான் பேசினார். “அவர் கதைக்க மாட்டாராம். நம்பரைப் பாத்தே போனை என்னட்டத் தந்திட்டார். என்ன செய்து வச்சனீங்கள், மதினி?” மெசின் கதையை மாமி சொல்ல, “இதைச் சொன்னா அவர் பொய்ச் சாட்டெண்டுதான் சொல்லுவார்,” என்று மச்சி பெருமூச்சு விட்டார்.

அன்று இரவு இர்ஷானா சரியாகத் தூங்கவில்லை. அந்தப் பொத்தானை அரை நிமிடம் அமத்திப் பிடிப்பதற்கு அவளுக்கு எட்டு மாதம் போதவில்லை. விடிந்ததும் தன் கைத்தொலைபேசியோடு மாமியின் குசினிக்குப் போனாள்.

“மாமி, நான் கதைக்கிறன். என்ட பிழை எண்டு அவருக்கு விளங்கப்படுத்துறன்.”

மாமி நிமிரவில்லை. கை இரண்டும் மாவுக்குள் இருந்தன.

“நியாயம் ஒண்டும் சொல்ல வேணாம். நியாயம் கதைச்சுத்தான் ரெண்டு வருசம் போச்சுது.” மாவைப் பிசைந்தபடியே தொடர்ந்தார். “உன்ட போன்ல நானாவுக்கு எடு மகள். தெரியாத நம்பர் எண்டா நானா எடுப்பார். எடுத்த உடனே ஸலாம் சொல்லுவார், அது அவருட பழக்கம். நீ வாய் திறக்காத. போனை அப்பிடியே என்ட காதில வை. முதல்ல நான் பதில் சொல்லிக்கொள்றன். பிறகு அவர் போனை வச்சா வைக்கட்டும்.”