குட்டை ஸ்பேனர்கள்

கும்மிடிப்பூண்டியில் வேலைக்குச் சேர்ந்து, கணினியில் வரைபடம் போடும் கேட் (CAD) மென்பொருளில் நானாகவே வரைந்த முதல் உருப்படி மோட்டாரைத் தாங்கும் ஓர் இரும்புச் சட்டம். மவுஸைத் தட்டினால் போதும், போல்ட் துளைக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும். திரையில் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்ததில் எனக்கே என்மேல் மதிப்பு கூடிவிட்டது.

அச்செடுத்துக்கொண்டு பட்டறைக்குப் போனேன். அங்கே ஃபிட்டராக இருந்தவர் புதுவாயலிலிருந்து கம்பெனி பஸ்ஸில் வரும் பெண்மணி. என் வயதுதான் இருக்கும். தாளைச் சற்று நேரம் பார்த்துவிட்டு மூலையில் இருந்த போல்ட்டின்மேல் விரலை வைத்தார்.

"இங்க ஸ்பேனர் எப்டி சார் திரும்பும்? பக்கத்துலயே பிளேட்டு நின்னுக்கினு இருக்குதே."

"கம்ப்யூட்டர்ல சரியாத்தான் உக்காந்துச்சு" என்றேன் வெடுக்கென்று.

"அங்க போல்ட்டு அதுவா போய் குந்திக்குது சார். இங்க நாந்தான டைட் பண்ணணும்?"

எனக்குக் கோபம் வந்தது. அவர் தன் டூல்ஸ் பெட்டியைத் திறந்து காட்டினார். கைப்பிடியை வெட்டிக் குட்டையாக்கிய ஸ்பேனர்கள் ஐந்தாறு கிடந்தன. இடுக்குகளில் நுழைவதற்காக அவரே வெட்டி, அரத்தால் ராவி வைத்தவை.

"ஒவ்வொண்ணும் ஒரு டிராயிங்கு சார்" என்றார். குரலில் குறை எதுவும் இல்லை.

என் நாற்காலியில் முன்பு உட்கார்ந்தவர்களின் பிழைகளையெல்லாம், யாரிடமும் முறையிடாமல், அவர் இரும்பில் திருத்தியிருந்தார்.

அன்றே அவருடைய வெட்டாத ஸ்பேனர் ஒன்றை வாங்கி அளந்து, மென்பொருளில் வரைந்து வைத்துக்கொண்டேன். இன்றும் எந்தப் போல்ட்டை வைத்தாலும் திரையில் அந்த ஸ்பேனரை ஒருமுறை சுழற்றிப் பார்த்துவிட்டுத்தான் அச்செடுக்கிறேன். அவர் பெட்டியில் என் பங்குக்குக் குட்டை ஸ்பேனர் இதுவரை ஒன்றும் சேரவில்லை.