தலைமாட்டில் ஓர் இடம்

பொய் சொல்லி உங்களைப் பயமுறுத்த எனக்கு நேரமில்லை. வேலை தலைக்கு மேல் கிடக்கிறது. இது கேரளத்தில், பாலா என்ற எங்கள் ஊரில், நான் படங்களைச் சீர்செய்யும் ஸ்டூடியோவில், பட்டப்பகலில் நடந்தது.

அன்று விடாத மழை. காலைக் கல்யாணத்தைப் படம் பிடித்துவிட்டு வந்த முதலாளி குரியச்சன், மெமரி கார்டை என் மேசையில் வைத்தார்.

"ஜின்சி, சாயங்கால ரிசப்ஷனுக்கும் இதே கார்டுதான். காலி பண்ணி வை. கம்ப்யூட்டர்ல இடமில்லன்னு மூக்கால அழாதே. பழசைத் தூக்கு."

"கேக்காம எப்படி சேட்டா?"

"கேட்டுட்டே தூக்கு. ஆனா இன்னைக்கே தூக்கு. இல்லேன்னா நாளைக்கு வராதே."

எங்களிடம் ஒரு முறை உண்டு. ஃபோல்டரின் பெயரிலேயே அந்த வீட்டு போன் நம்பர் இருக்கும். கூப்பிட்டு, 'நகல் எடுத்தாச்சா, அழிக்கட்டுமா' என்று கேட்போம். சரி என்றால்தான் கை வைப்போம்.

பெரிதாக இருந்தவை இரண்டே ஃபோல்டர்கள். ஒன்று என் சொந்தக் கல்யாண வீடியோ. வேறெங்கும் நகல் இல்லை. மற்றது அவிராச்சன் என்ற பெரியவரின் அடக்கம். சவப்பெட்டியைச் சுற்றிக் குடும்பமே நின்று படம் எடுத்துக்கொள்வது எங்கள் வழக்கம். வெளிநாட்டிலிருந்து வர முடியாத பிள்ளைக்கு ஓர் இடம் விட்டு நிற்பார்கள். அவன் படம் அனுப்பினால், நான் அங்கே ஒட்டிக் கொடுப்பேன். அவிராச்சனின் இளைய மகன் சோஜன் குவைத்தில் இருந்தான். படமே அனுப்பவில்லை.

நம்பரைப் போட்டேன். ஒரு கிழக்குரல்.

"அழிக்காதே மோளே."

நான் இன்னும் வாயைத் திறக்கவே இல்லை.

"யாரு பேசறீங்க?"

"சோஜன் வந்துக்கிட்டிருக்கான்... கொஞ்சம் பொறு."

ஊரெல்லாம் மழை கொட்டுகிறது. அவர் பக்கம் ஒரு சொட்டுச் சத்தம் இல்லை. போன் துண்டிக்கப்பட்டது.

மனசு ஓரிடத்தில் நிற்கவில்லை. ஃபோல்டரைத் திறந்தேன். குடும்பப் படத்தில், பெட்டியின் தலைமாட்டில் சோஜனுக்கு விட்ட காலி இடம். மூடினேன். எழுந்தேன். உட்கார்ந்தேன். சும்மா இருக்க முடியாமல் மறுபடி திறந்தேன்.

இடம் காலியாக இல்லை.

ஒருவன் நின்றுகொண்டிருந்தான். நீலக் கட்டம் போட்ட சட்டை. பொத்தான் கழுத்து வரை. எல்லோரும் கேமராவைப் பார்க்கிறார்கள். அவன் கண்கள் மட்டும் மூடியிருந்தன...

நான் ஒட்டவில்லை. எங்கள் ஸ்டூடியோவில் ஒட்டத் தெரிந்தவள் நான் ஒருத்திதான்.

திரும்பக் கூப்பிட்டேன்.

நம்பர் உபயோகத்தில் இல்லை.

மறுபடி.

இல்லை.

டக்... டக்... கதவு.

"கார்டு ரெடியா? வண்டி நிக்குது!" குரியச்சன்.

அவிராச்சனின் ஃபோல்டரை அழிக்கக் கை வரவில்லை. ஏதாவது ஒன்றை அழித்தே ஆக வேண்டும். என் கல்யாணத்தை அழித்தேன். என்னைப் பெற்ற அப்பச்சன் வாய்விட்டுச் சிரித்த ஒரே வீடியோ அதுதான். கண்ணைத் துடைத்துக்கொண்டே கார்டைக் காலி செய்து கொடுத்தேன்.

அந்த வாரக் கடைசியில் அவிராச்சனின் மூத்த மகன் தங்கச்சன் கூப்பிட்டார். குரல் உடைந்திருந்தது.

"மோளே, நம்ம சோஜன் போயிட்டான். செவ்வாய்க்கிழமை மத்தியானம், குவைத்துல. அப்பச்சனோட அவன் நிக்கிற மாதிரி ஒரு படம்கூட இல்ல. அடக்கப் படத்துல ஒட்டித் தர முடியுமா?"

நான் போன் செய்ததும் அந்தச் செவ்வாய் மதியம்தான்.

"சேட்டா... ஃபோல்டர்ல இருக்கிற நம்பர் யாரோடது?"

"அப்பச்சனோடது. அடக்கம் முடிஞ்சதுமே நிறுத்திட்டோமே."

அந்தப் படத்தை அப்படியே அனுப்பினேன். அன்று ராத்திரி, சோஜனின் உடல் வீடு வந்து சேர்ந்த பிறகு, அவரே கூப்பிட்டார்.

"நல்லா ஒட்டியிருக்கே. ஆனா மோளே... இந்தச் சட்டை அவனோடது இல்ல. அவன் செத்ததுக்கப்புறம் கூட்டாளிங்க கடையில வாங்கிப் போட்டு அனுப்பினது. நாங்களே இப்பத்தான் பெட்டியைத் திறந்து பார்க்கிறோம். உனக்கு யாரு காட்டினா?"