முன்வரிசையில் எட்டுப் பேர்

அந்த விமானத்தில் ஐம்பது இருக்கைகள். நடைபாதைக்கு ஒரு பக்கம் ஒன்று, மறுபக்கம் இரண்டு. எஞ்சின்கள் இரண்டும் வாலோடு ஒட்டிக்கொண்டிருக்கும். பெட்டிகள் போகும் அறையும் பின்னால்தான். பெரிய விமானங்கள் எட்டிக்கூடப் பார்க்காத ஊர்களுக்கு அதுதான் போய்வரும். முதலில் அதை ஓட்டிய கம்பெனி நீலக் கோடு போட்டது. ஆறு வருடத்தில் கடையைக் கட்டியது. அடுத்து வந்தவர்கள் பச்சை அடித்தார்கள். அவர்களும் ஒரு வெள்ளிக்கிழமை சொல்லாமல் கொள்ளாமல் காணாமல் போனார்கள். இப்போது ஆரஞ்சு. மூன்று வண்ணத்துக்கும் மாறாமல் அங்கே இருந்தது தராசக்கா ஒருத்திதான்.

அந்தப் பெயர் பெட்டி ஏற்றுகிறவர்கள் வைத்தது. எத்தனை பேர், எத்தனை பெட்டி, யார் எங்கே உட்கார்ந்தால் விமானம் சமநிலையில் இருக்கும் என்று பார்த்து, லோட் ஷீட்டில் கையெழுத்துப் போடுவது அவள் வேலை. அந்தத் தாள் கைக்கு வராமல் விமானி எஞ்சினைத் தொடமாட்டார். மூன்று கம்பெனிச் சீருடைக்கும் கை நீளத்தைக் குறைத்துக் கொடுத்தவர் அவள் கணவர், தையல்காரர். “உன் கை அதேதான். கம்பெனிக்குத்தான் அளவு தெரியல” என்பார்.

கம்பெனி மாறும்போதெல்லாம் அவளை முதலிலிருந்து சேர்ப்பார்கள். இருபத்தோரு வருட அனுபவத்தோடு மூன்றாம் முறையாக அவள் புதுசு. மூன்று மாதத் தற்காலிகம். அந்த மூன்று மாதம் அந்தப் புதன்கிழமையோடு முடிந்தது. கணவருக்குக் கண்ணில் புரை விழுந்து, ஊசியில் நூல் கோர்க்கவே ஆள் தேட வேண்டியிருந்தது. வீட்டில் அடுப்பு எரிவது அவள் சம்பளத்தில்தான். நிரந்தர வேலைக்கான கடிதம் தயாராகி மேனேஜர் பையில் இருந்தது. அவர் கையெழுத்து ஒன்றுதான் பாக்கி.

அன்று காலை விமானத்தில் மொத்தம் முப்பத்தொரு பேர். முப்பது பேர் ஃபிட்டர்கள். தூரத்து ஆலை ஒன்றுக்கு வேலைக்குப் போகிறவர்கள். ஆளுக்கொரு இரும்புக் கருவிப்பெட்டி. முப்பத்தொன்றாவது ஆள் மேனேஜர். தலைமை அலுவலகத்துக்குப் போகிறார், முதல் வரிசையில்.

முன்னால் இருந்த நாலு வரிசைக்கும் புதுக் கம்பெனி ‘விசேஷ வகுப்பு’ என்று பெயர் வைத்திருந்தது. விசேஷம் என்னவென்று கேட்டால், அதே சீட், தலை சாயும் இடத்தில் ஒரு வெள்ளைத் துணி. டிக்கெட் வாங்க ஒரு ஆளும் வரவில்லை. ஃபிட்டர்கள் முப்பது பேரும் பின்னால், பெட்டிகளும் பின்னால். தராசக்கா கணக்கைப் போட்டாள். திரும்பவும் போட்டாள். வால் பக்கம் பாரம் எல்லை மீறியிருந்தது.

படிக்கட்டின் அடியிலேயே மேனேஜரைப் பிடித்தாள். “சார், எட்டுப் பேர் முன்னால வந்து உக்காரணும்.”

“அந்த பூட்ஸோடவா? அந்தச் சீட்டைக் காலியா வெச்சிருக்கணும்னு மேலிடத்து உத்தரவு.”

“அப்போ பெட்டியை இறக்கிடவா?”

“கருவியோட அனுப்பறோம்னுதான் ஆலையோட ஒப்பந்தமே. உங்களுக்குத் தெரியாதா?” என்றவர் குரலைத் தாழ்த்தினார். “மேடம், ஏன் பெரிசு பண்றீங்க? எட்டுப் பேர் முன்னால இருக்கறதா தாள்ல எழுதிடுங்க. ஒரு தடவைதானே? ஒண்ணும் ஆகாது.”

அவளுக்கு உச்சந்தலைவரை சுர்ரென்று ஏறியது. பயமும் கூடவே வந்தது; அதை மறைக்க அவள் மெனக்கெடவில்லை. பேனாவை மூடி சட்டைப் பையில் செருகிக்கொண்டாள்.

“தாள்ல உக்காந்தா வெயிட் முன்னால வந்துடுமா சார்? நீங்களும் இதுலதானே போறீங்க?”

“என்ன, பயமுறுத்தறீங்களா? உங்க கடிதம் என் பையில இருக்கு. ஞாபகம் இருக்கட்டும்.”

“இருக்கு சார். முன்னால யாரும் உக்காரக் கூடாதுன்னு நீங்க எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடுங்க. அதைக் கொண்டுபோய் கேப்டன்கிட்ட காட்டறேன்.”

மேனேஜர் அவள் நீட்டிய வெற்றுத்தாளைப் பார்த்தார். வாங்கவில்லை. சொன்ன வாய்க்கு எழுதக் கை வரவில்லை, அவ்வளவுதான். இந்த மாதிரி வீரத்தை அவள் ஏற்கெனவே இரண்டு கம்பெனிகளில் பார்த்திருந்தாள்.

அவர் அசையாமல் நிற்க, அவள் படியேறி உள்ளே போனாள். பின்வரிசைகளைப் பார்த்து, “எட்டுப் பேர் எழுந்து முன்னால வாங்கப்பா” என்றாள்.

யாரும் எழவில்லை. ஃபிட்டர்களைக் கூட்டிப்போகும் மேஸ்திரி தயங்கினார். “அக்கா, அது பெரியவங்க சீட்டுன்னு ஏறும்போதே சொன்னாங்க. அப்புறம் எங்களை எதுவும் சொல்லக் கூடாது.”

“சொன்னா என்னைச் சொல்லட்டும். உங்க வெயிட்டு முன்னால வந்தாத்தான் விமானம் ஒழுங்காப் பறக்கும். அங்க நீங்கதான் பெரியவங்க. வாங்க!”

மேஸ்திரி சிரித்தார். எட்டுப் பேர் கிரீஸ் படிந்த பூட்ஸோடு முன்னால் வந்து உட்கார்ந்தார்கள். பின்னாலேயே ஏறிவந்த மேனேஜர் முதல் வரிசையில் தன் சீட்டில், மேஸ்திரிக்குப் பக்கத்தில், முழங்கையை ஒடுக்கிக்கொண்டு அமர வேண்டியதாயிற்று.

தாளை அவள் விமானியிடம் கொடுக்கப் போனபோது மேனேஜர் பல்லைக் கடித்தார். “உங்க கடிதத்துல நான் கையெழுத்துப் போடப் போறதில்ல.”

“சரி சார். என் கையெழுத்தை நான் போட்டுட்டேன். உங்க இஷ்டம்” என்று சொல்லி, தாளை விமானியிடம் கொடுத்துவிட்டு இறங்கிவிட்டாள்.

விமானம் ஏறி மறையும்வரை அதையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு கழிவறைக்குப் போய்க் கொஞ்சம் அழுதாள். முகம் கழுவிக்கொண்டு அடுத்த விமானத்தின் கணக்கை எடுத்தாள். வீட்டில் விஷயத்தைச் சொன்னதும் கணவர் ஊசியை எடுத்துத் தானே நூல் கோர்க்கப் பார்த்தார். கடைசியில், “கண்ணு இன்னும் கொஞ்ச நாள் தாங்கும், போ” என்றார்.

மூன்றாம் நாள் தபால் வந்தது. நிரந்தரக் கடிதம் இல்லை. தற்காலிகம் இன்னும் மூன்று மாதம் நீட்டிக்கப்படுகிறதாம். காரணம், மேலதிகாரிக்குக் கீழ்ப்படியாமை. அடியில் ‘ஊழியரின் விளக்கம்’ என்று கட்டம் போட்டு நாலு வரி இடம் விட்டிருந்தார்கள். பணிவாக மன்னிப்புக் கேட்டு எழுதினால் சரியாகிவிடும் என்று அலுவலகத்தில் எல்லோரும் சொன்னார்கள்.

அவள் பேனாவை எடுத்துக் கட்டத்துக்குள் தெளிவாக எழுதினாள்:

“அன்று எட்டுப் பேரை முன்னால் உட்கார வைத்தது உண்மை. தேவைப்பட்டால் இனியும் வைப்பேன். பாரம் முன்னால் கூடினால், மேனேஜரைப் பின்னால் போகச் சொல்வேன்.”