ரெண்டு தட்டினால் தூக்கு

பேய் வருவதற்கு நள்ளிரவும் ஒற்றைப் பனைமரமும் வேண்டும் என்று நினைப்பவர்கள் இதைப் படிக்க வேண்டாம். இது பட்டப்பகலில் நடந்தது. போன அக்டோபரில், ஒரு சனிக்கிழமை, பகல் பன்னிரண்டே முக்காலுக்கும் நான்கு மணிக்கும் நடுவில். இடம் முடிச்சூரை அடுத்த வரதராஜபுரம். ஆள் பெயர் சுகுமார். பெயரை மாற்ற வேண்டாம் என்று அவனே சொல்லிவிட்டான்.

சுகுமாருக்கு முப்பத்தாறு வயது. ஒரகடம் பக்கம் ஒரு தொழிற்சாலையில் மெயின்டனன்ஸ் ஃபிட்டர். வீட்டுக்குப் பின்னால் சின்னதாக ஒரு நர்சரி உண்டு. அதைப் பார்த்துக்கொள்வது மனைவி தபீதாள். எருவும் செம்மண்ணும் இழுக்க, தோட்ட வேலைக்கான குட்டி டிராக்டர் ஒன்று பழையதாக வாங்கிப் போட்டிருந்தான்.

வரதராஜபுரத்துக்காரர்கள் ஐப்பசி பிறந்தாலே சாமான்களைப் பரணில் ஏற்றத் தொடங்கிவிடுவார்கள். அடையாறு பொங்கினால் தண்ணீர் முதலில் எட்டிப் பார்ப்பது சுகுமார் வீட்டைத்தான். இரண்டு வருஷத்துக்கு முன் புருஷனையும் பெண்டாட்டியையும் மொட்டை மாடியிலிருந்து படகில் இறக்கிக்கொண்டு போனார்கள். இந்தத் தடவை தபீதாளுக்கு ஒன்பதாவது மாதம். அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு படகில் கால் வைப்பதை நினைத்தாலே சுகுமாருக்குச் சோறு இறங்கவில்லை.

வழி ஒன்றுதான். தோட்டத்தின் பின்பக்கம் நூறடி நீளத்துக்கு மண்கரை போட வேண்டும். மூன்று டிப்பர் மண்ணைக் கொண்டுவந்து தெருமுனையில் கொட்டியாகிவிட்டது. ஆனால் வீட்டுக்குப் போகும் சந்து ஐந்தடி. மண் அள்ளும் பெரிய வண்டி அதற்குள் நுழையாது. ஆள் வைத்துக் கூடையில் சுமந்தால் பத்து நாள் ஆகும். வானிலை அறிக்கையோ திங்கள் முதல் கனமழை என்றது.

குட்டி டிராக்டர் மட்டும் அந்தச் சந்தில் போகும். அதன் முன்னால் மண் அள்ளும் பக்கெட் ஒன்றைத் தானே செய்து மாட்டிவிடுவது என்று முடிவு செய்தான் சுகுமார். மூன்று வாரம், வேலை முடிந்து வந்து தினம் இரண்டு மணி நேரம். சதுரக் குழாயில் பக்கெட்டைத் தாங்கும் இரண்டு இரும்புக் கைகள், ஐந்து மில்லி தகட்டில் பக்கெட். கைகளைத் தூக்க, எண்ணெய் அழுத்தத்தில் நீளும் ஹைட்ராலிக் ஜாக்கிகள் இரண்டு தேவைப்பட்டன. டிப்பர் ஓட்டும் நண்பன் மாரி பெருங்களத்தூர் தாண்டி பழைய இரும்பு விற்கும் ஒரு காயலான் கடையில் அவற்றைப் பிடித்துக்கொண்டு வந்தான்.

"பெரிய வண்டியோட ஜாக்கி மச்சான். பக்கெட் இன்னா, உன் வூட்டையே தூக்கும்" என்றான்.

அந்தச் சனிக்கிழமை காலை 11.40-க்கு எல்லாவற்றையும் மாட்டி முடித்து, எஞ்சினைப் போட்டு, லீவரை இழுத்தான் சுகுமார். பக்கெட் வெண்ணெய் போல எழுந்தது. தபீதாள் சமையலறை வாசலில் நின்று கை தட்டினாள்.

பக்கெட்டைத் தரையில் இறக்கினான். எஞ்சினை அணைத்தான். அடுத்து வெல்டிங் வேலை இருந்ததால் பேட்டரி வயரையும் கழற்றிவிட்டுச் சாப்பிடப் போனான்.

12.50-க்குத் திரும்பி வந்தான். பக்கெட் இடுப்பு உயரத்தில் நின்றது.

சுகுமார் சிறிது நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தான். பதினான்கு வருஷம் ஹைட்ராலிக்கோடு மல்லுக்கட்டியவன் அவன். எண்ணெய் கசிந்தால் தூக்கிய பக்கெட் தானாக இறங்கும். அது சகஜம். ஆனால் ஏறாது. எஞ்சின் ஓடினால்தான் ஏறும். சாவி அவன் சட்டைப் பையில் இருந்தது. பேட்டரி வயர் கழற்றியபடியே தொங்கியது.

பக்கத்து வீட்டுப் பையன்கள் கம்பு கொடுத்து நெம்பியிருப்பார்கள் என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டான். நூறு கிலோ இரும்பை எந்தப் பையன் நெம்புவான் என்று யோசிக்க அவன் விரும்பவில்லை.

1.15-க்கு வெல்டிங் வைக்க உட்கார்ந்தான்.

வெல்டிங் முகமூடியைப் போட்டுப் பார்த்தவர்களுக்குத் தெரியும். அதன் கறுப்புக் கண்ணாடி வழியே உச்சி வெயிலும் அமாவாசைதான். வெல்டிங் ராடு இரும்பில் பட்டு நெருப்பு பிறந்த பிறகுதான், அந்த வெளிச்சம் விழும் ஒரு சாண் இடம் மட்டும் பச்சையாகத் தெரியும்.

ராடை வைத்தான். நெருப்பு பிறந்தது.

பக்கெட்டுக்கு அடியில் இரண்டு கால்கள் தெரிந்தன.

மண் அப்பிய வெறுங்கால்கள். ஈரமான மண். விரல்கள் தரையைக் கவ்விக்கொண்டிருந்தன...

முகமூடியைத் தூக்கினான். வெயில். காலியான தரை. ஒரு தென்னம்பாளை மட்டும் கிடந்தது.

மறுபடி முகமூடியை இறக்கினான். ராடை வைத்தான். கால்கள் அங்கேயே இருந்தன. ஒரு அடி முன்னால் வந்திருந்தன.

அப்போதுதான் அந்தச் சத்தம் கேட்டது. பக்கெட்டின் உள்ளிருந்து.

டொக்... டொக்.

சுகுமார் ராடைப் போட்டுவிட்டு எழுந்து சமையலறைப் பக்கம் போய் நின்றுகொண்டான். ஏன் இப்படி வியர்க்கிறது என்று தபீதாள் கேட்டதற்கு, வெயில் என்றான்.

1.40-க்கு மாரிக்கு போன் போட்டான். அந்தக் கால்களைப் பற்றிச் சொல்லக் கூச்சமாக இருந்தது. பக்கெட் தானாக ஏறியதையும், உள்ளே யாரோ தட்டுவது போல் சத்தம் வருவதையும் மட்டும் சொன்னான். மாரி முதலில் கிண்டல் செய்தான். இரும்பு வெயிலில் காய்ந்தால் சத்தம் போடும் என்றான். பிறகு, "எத்தினி தட்டு?" என்று கேட்டான்.

"ரெண்டு."

மாரி டிப்பரை ஓரம் கட்டி எஞ்சினை அணைக்கும் சத்தம் கேட்டது.

"பள்ளம் தோண்டுற வேலையில அப்டிதான் மச்சான். கீழ நிக்கிற ஆள் ஆப்பரேட்டருக்குத் தெரிய மாட்டான். கத்தினா எஞ்சின் சத்தத்துல கேக்காது. கல்ல எடுத்து பக்கெட்ல தட்டுவான். ரெண்டு தட்டினா தூக்கு. ஒண்ணு தட்டினா இறக்கு." கொஞ்சம் நிறுத்தி, "நீ அத்த கயட்டிப் போட்ரு. நான் வேற ஜாக்கி பாக்கறேன்" என்றான்.

வேறு ஜாக்கி புதன்கிழமைக்கு முன்னால் வராது. திங்கட்கிழமை மழை. சுகுமார் தெற்கே பார்த்தான். வண்டலூர்ப் பக்கம் மேகம் கறுத்துக்கொண்டிருந்தது. சமையலறையில் தபீதாள் இடுப்பில் கை கொடுத்து, மெதுவாக, ஒரு தம்ளரை எடுக்கக் குனிந்துகொண்டிருந்தாள்.

கழற்றவில்லை.

3.05-க்கு, பேட்டரி வயரை மாட்டி, முதல் பக்கெட் மண்ணை அள்ளிப் பார்த்தான். அள்ளியது. ஆனால் பாரம் ஏறியதும் வலது இரும்புக் கை பக்கெட்டோடு சேரும் இடத்தில், அடிப்பக்கம், வெல்டு விரிந்துவிட்டது. பக்கெட்டைக் கழற்றிப் போட்டு ஒட்டினால் ஒரு நாள் போய்விடும். இருப்பதே ஞாயிறு ஒரு நாள்.

மண்ணைக் கொட்டிவிட்டு, வீட்டுக்குத் திரும்பி, வெறும் பக்கெட்டைத் தூக்கி நிறுத்தினான். எஞ்சினை அணைத்து பேட்டரி வயரைக் கழற்றினான். இடது இரும்புக் கைக்கு அடியில் தென்னங்கட்டை ஒன்றை முட்டுக் கொடுத்தான். வலது கைக்கும் கொடுத்திருக்க வேண்டும். கொடுத்தால் வெல்டு வைக்க இடம் இருக்காது. ஒரு கட்டை போதும் என்று நினைத்தான். தொழிற்சாலையில் வேறு யாராவது இப்படிச் செய்திருந்தால் சட்டையைப் பிடித்திருப்பான்.

3.32. மல்லாந்து படுத்து உள்ளே நகர்ந்தான்.

நெஞ்சுக்கு நேர் மேலே பக்கெட். வலது கையில் ராடு. இடது கையில் கசடு தட்டும் சுத்தியல்.

முகமூடியை இறக்கினான்.

இருட்டு.

ராடை வைத்தான். நெருப்பு.

வெல்டை மட்டும் பார்... வேறெங்கும் பார்க்காதே... என்று சொல்லிக்கொண்டே பாதி தூரம் ஒட்டிவிட்டான். பிறகு பார்த்துவிட்டான்.

கால்கள் அவன் தோளுக்குப் பக்கத்தில் இருந்தன.

முழங்கால்கள் மெதுவாக மடிந்தன. யாரோ குனிகிறார்கள். மண் ஒழுகும் ஒரு கை தரையில் ஊன்றியது. அடுத்து முகம்தான் இறங்கி வர வேண்டும்.

ராடு தீர்ந்தது. நெருப்பு அணைந்தது.

இருட்டில்... காதுக்கு மிக அருகில்...

டொக்.

ஒரே ஒரு தட்டு.

சுகுமார் காத்திருந்தான். இரண்டாவது தட்டு வரவில்லை.

உஸ்ஸ்ஸ்... எண்ணெய் நகரும் சத்தம்.

தென்னங்கட்டை நொறுங்கத் தொடங்கியது.

இரும்பின் சூடு சட்டையில் பட்டது. பிறகு எடை. நெஞ்சின் மேல். மூச்சு வெளியே போனது. உள்ளே வரவில்லை.

கத்த முடியவில்லை.

கையில் சுத்தியல் இருந்தது.

அதைத் தூக்கிப் பக்கெட்டின் அடியில் அடித்தான்.

டொக்.

இன்னொன்று. இன்னொன்று அடித்தாக வேண்டும்.

டொக்.

உஸ்ஸ்...

பக்கெட் எழுந்தது.

எஞ்சின் ஓடவில்லை. பேட்டரி இல்லை. எழுந்தது. ஓர் அடி. இரண்டு அடி. அவன் உருண்டு வெளியே விழுந்தபோது மணி 3.41. முகமூடியைக் கழற்றிப் பார்த்தான். யாரும் இல்லை. தென்னங்கட்டை தேங்காய் நார் போலக் கிழிந்து கிடந்தது. பக்கெட் ஆளுயரத்தில், அசையாமல் நின்றது. அவன் வெளியே வந்ததைப் பார்த்துக்கொண்டிருப்பது போல.

வேறு யாராக இருந்தாலும் அத்தோடு விட்டிருப்பார்கள். சுகுமார் விடவில்லை. நெஞ்சில் துணியைச் சுற்றிக்கொண்டு, மீதி வெல்டை வெளியிலிருந்தே, கோணல்மாணலாக, முகமூடியை இறக்கிக் கண்ணைப் பாதி மூடியபடி போட்டு முடித்தான். ஞாயிறு காலை 6.10-க்கு டிராக்டரில் ஏறினான். தெருமுனையிலிருந்து தோட்டத்துக்கு நூற்றுத் தொண்ணூறு நடை. ஒவ்வொரு தடவை மண்ணை அள்ளி முடித்ததும், அவன் லீவரைத் தொடும் முன்பே பக்கெட்டில் சத்தம் கேட்டது. டொக்... டொக். நூற்றுத் தொண்ணூறு தடவையும் இரண்டு தட்டுதான். அவன் அழுதுகொண்டேதான் ஓட்டினான். தூசி என்று நினைத்துத் தபீதாள் தண்ணீர் கொண்டுவந்தாள். கிட்டே வராதே என்று கையைக் காட்டித் தள்ளி நிற்கச் சொன்னான்.

மாலை 5.50-க்குக் கரை முடிந்தது. செவ்வாய்க்கிழமை விடிகாலை தண்ணீர் வந்து கரையில் முட்டியது. இரண்டு நாள் நின்றது. உள்ளே வரவில்லை. நவம்பர் பதினோராம் தேதி தாம்பரத்து ஆஸ்பத்திரியில் பெண் குழந்தை பிறந்தது. படகு தேவைப்படவில்லை.

டிசம்பரில் மாரி அந்தக் காயலான் கடையில் விசாரித்து, ஜாக்கிகள் எந்த வண்டியுடையவை என்று கண்டுபிடித்தான். அதை ஓட்டிய ஆப்பரேட்டர் பாலு இப்போது மேடவாக்கத்தில் ஒரு அடுக்குமாடிக் குடியிருப்பில் வாட்ச்மேன். இரண்டு பேரும் போய்ப் பார்த்தார்கள்.

பாலு எதையும் மறைக்கவில்லை. தண்ணீர்க் குழாய் பதிக்கும் பள்ளம். கீழே உமேஷ் என்று ஒரு ஆள். பக்கெட் தூக்கி நின்றபோது ஒரு தட்டு கேட்டது. பாலு இறக்கினான். உமேஷ் அதற்கு நேர் அடியில் நின்றுகொண்டிருந்தான்.

தவறாகத் தட்டிவிட்டானா என்று சுகுமார் கேட்டான்.

"அவன் தட்டல தம்பி. ரெண்டு கையாலயும் குழாயத் தாங்கிகினு இருந்தான். வெளிய எடுக்கும்போதும் கை குழாய்லதான் இருந்துது. பள்ளத்துல வேற ஆளே கிடையாது."

அப்படியென்றால் அந்த ஒரு தட்டு யாருடையது என்று கேட்கச் சுகுமார் வாயெடுத்தான். டேங்கர் லாரி ஒன்று கேட்டில் வந்து ஹாரன் அடித்தது. பாலு எழுந்து போய்க் கதவைத் திறந்துவிட்டுத் திரும்பி வந்தான்.

"இன்னொண்ணு சொல்றேன். அந்த ஜாக்கி ரெண்டும் எங்க வண்டியோட வந்தது இல்ல. பழசு உடைஞ்சு போச்சுன்னு உமேஷ் போனதுக்கு முந்தின வாரந்தான் மாத்துனோம். அதுவும் காயலான் கடையில வாங்குனதுதான்."