மாவு மில்லுக்கு ஏற்ற ஆப்

எங்கள் மாவு மில்லுக்கு வருகிறவர்களில் பாதிப் பேருடைய பெயர் எனக்குத் தெரியாது. முப்பது வருஷத்துக்கு மேல் முகம் பார்த்திருக்கிறேன், பெயர் கேட்டதில்லை. எதை அரைக்கக் கொண்டுவருகிறார்களோ அதுதான் எனக்கு அவர்கள் பெயர். மிளகாய்ப் பையை வைத்துவிட்டு, மாவு விழுகிற வரைக்கும் நின்று தும்முகிற மண்டகப்பட்டுக்காரர் 'தும்மல் மிளகாய்'. எவ்வளவு நைஸாக அரைத்தாலும் விரலில் தேய்த்துப் பார்த்து மறுபடி போடச் சொல்கிற அம்மா 'ரெண்டு தபா'. ரிட்டயர் ஆன ஒரு டீச்சர் 'சீயக்காய் டீச்சர்'. தளவானூரிலிருந்து பஸ் ஏறி வரும் ஓர் அம்மா, மாவு மெஷினிலேயே நின்றுவிட்டது என்று சொல்லி, மாவு விழும் துணிக் குழாயைத் தானே தட்டித் தட்டி உதிர்ப்பார். அவர் 'சண்டைக்காரக் கேவுரு'. கேழ்வரகை நாங்கள் கேவுரு என்போம்.

செல்போன் வாங்கியபோது, நான் சொல்லச் சொல்ல என் மனைவி எல்லோருடைய நம்பரையும் இந்தப் பெயர்களிலேயே அதில் ஏற்றிவைத்தாள். அவள் ஐந்தாவது வரை படித்தவள். நான் பள்ளிக்கூடம் போனதில்லை. எழுத்தெல்லாம் செஞ்சி பஸ் ஸ்டாண்டில் போர்டு பார்த்துக் கற்றதுதான். விழுப்புரம் பஸ்ஸையே தினமும் பார்த்துப் பார்த்து 'ழு'வைப் பிடித்தேன். திருவண்ணாமலை கொஞ்சம் நீளம், நாளாகிவிட்டது. இதைக்கூட நான் சொல்ல அவள்தான் எழுதுகிறாள். அவளைப் பற்றி நல்லதாகச் சொல்கிற இடத்தில் மட்டும் மெதுவாகச் சொல்லச் சொல்கிறாள்.

போன வருஷம் கடைத்தெருவில் இருந்த மில்லைக் காலி செய்ய வேண்டியதாயிற்று. கட்டடத்துக்காரர் இடித்துக் கட்டப்போகிறார். நல்ல மனிதர், ஆறு மாதம் முன்னாலேயே சொன்னார். பின்னால் இரண்டு தெரு தள்ளி ஒரு சந்தில் இடம் பிடித்து மெஷினைக் கொண்டுபோய் வைத்தோம். அதோடு ஆட்கள் வருவது நின்றுபோயிற்று. காலையில் மெஷினைத் துடைப்பேன், மத்தியானம் மறுபடி துடைப்பேன். என் மனைவி வாசலில் உட்கார்ந்து சந்து முனையையே பார்த்துக்கொண்டிருப்பாள்.

சென்னையிலிருந்து மகன் போன் செய்தான். "நைனா, போதும் நைனா. தீபாவளிக்கு வரேன். அதுக்குள்ள மெஷின் ஓடுனா ஓடட்டும். இல்லன்னா வித்துட்டு ரெண்டு பேரும் என்னாண்ட வந்துடுங்க."

பாசமாகத்தான் சொன்னான். ஆனால் அவன் வீடு நாலாவது மாடி. அங்கே நான் எதைத் துடைப்பது? அன்றைக்கு ராத்திரி என் மனைவி போட்ட சாப்பாட்டில் உப்பு இல்லை, அவள் பதில் அதுதான்.

மாப்பிள்ளை பஸ் ஸ்டாண்ட் பக்கம் செல்போன் கடை வைத்திருக்கிறார். "மாமா, டென்ஷனே வேணாம். வியாபாரத்துக்குன்னே ஆப் இருக்குது. ஒன்னொன்னாப் போட்டுப் பாப்போம், எது செட் ஆவுதோ அதை வெச்சுக்கலாம்" என்றார்.

முதலில் வழி காட்டும் ஆப். "மில்லுல நின்னுக்கினு இந்த எடத்த அமுக்குங்க மாமா, ஊருக்கே வழி தெரியும்" என்று சொல்லிவிட்டுப் போனார். மறுநாள் காலை செஞ்சிக் கோட்டை வாசல் டீக்கடையில் உட்கார்ந்திருக்கும்போது அது ஞாபகம் வந்தது. மில்லில் நின்று என்று சொன்னது ஞாபகம் வரவில்லை. அங்கேயே அமுக்கிவிட்டேன். நாலு நாள் கழித்து ஒரு போன்.

"சார், கோட்டைக்குள்ள இருக்கோம். இங்க பெரிய களஞ்சியம் ஒன்னு இருக்கு. இதுதான் உங்க மில்லா?"

"அது ராஜா காலத்துதுங்க."

"அப்போ அரைக்க மாட்டீங்களா?" என்று கேட்டுச் சிரித்தார்கள். பின்னால் குழந்தைகளும் சிரிப்பது கேட்டது. யாரோ என்னவோ, நல்ல ஜனங்கள்.

அடுத்தது போஸ்டர் செய்கிற ஆப். அதில் மாவு என்று போட்டால் ரொட்டியும் கேக்குமாக வந்தது. நடுவில் வெள்ளைத் தொப்பி போட்ட ஒருவன் சிரித்தான். "யார்ங்க இவன்? நம்ம மில்லுல இவனுக்கு இன்னா வேலை?" என்றாள் என் மனைவி. பிறகு வீடியோ போடுகிற ஆப். மெஷின் ஓடுவதை மாப்பிள்ளை படம் எடுத்துப் போட்டார். எங்கெங்கேயோ இருப்பவர்கள் சிவப்பு இதயம் அனுப்பினார்கள். ஒரு படி கேவுருகூட வரவில்லை.

கடைசியில் எல்லோரும் குட்மார்னிங் அனுப்பிக்கொள்கிற பச்சை நிற ஆப்புக்கு வந்தோம். பழைய ஆட்களையெல்லாம் சேர்த்து மாப்பிள்ளை அதில் ஒரு குரூப் ஆரம்பித்தார். யாராவது விட்டுப்போய்விட்டார்களா என்று பார்க்க, போனில் உள்ள லிஸ்டை அப்படியே படம் பிடித்து அவருக்கு அனுப்பச் சொன்னார். பிடித்தேன். அனுப்பவும் அனுப்பினேன். கொஞ்ச நேரத்தில் மாப்பிள்ளை மூச்சு வாங்க ஓடிவந்தார்.

"மாமா, இன்னா மாமா பண்ணிட்டீங்க! குரூப்புல போட்டுட்டீங்களே! எல்லாரும் பாத்துட்டாங்க!"

என் மனைவி தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டாள். "வர ஆள் இல்லன்னு பாத்தா, இனிமே வராதபடி பண்ணிட்டீங்க."

தும்மல் மிளகாய், ரெண்டு தபா, பை மறக்கிற ரேஷன் கோதுமை, சண்டைக்காரக் கேவுரு. ஒருவர் விடாமல் வரிசையாக இருந்தது. எழுதி மன்னிப்புக் கேட்க எனக்கு எழுத்து போதாது. அந்த ஆப்பில் மைக் படம் ஒன்று இருக்கிறது, அதை அழுத்திப் பேசினேன். "தப்பா எடுத்துக்காதீங்க. பேர் தெரியாம வெச்சது. மில்லு மூடல. பழைய மில்லுக்குப் பின்னாடி ரெண்டாவது தெரு, வேப்பமரத்துச் சந்து. உள்ள வந்தா மெஷின் சத்தம் கேக்கும்." கேட்க வேண்டுமே என்று மெஷினையும் போட்டுவிட்டுத்தான் பேசினேன்.

முதலில் டீச்சருடைய குரல் வந்தது. "சீயக்கா அரைச்சு எத்தினி நாளாச்சு! மில்லு எங்க போச்சுன்னே தெரியலையேப்பா. நீ மூடிட்டேன்னு இல்ல நெனச்சேன்!"

மறுநாள் காலை தளவானூர் பஸ் வந்த கொஞ்ச நேரத்துக்கெல்லாம் சந்து முனையிலேயே சத்தம் கேட்டது.

"எங்க அந்த ஆளு? யாருய்யா சண்டக்காரி? நானா சண்டக்காரி?"

இடுப்பில் கேவுருப் பை. அதை இறக்கி வைத்துவிட்டுச் சண்டை போட்டார். என் மனைவி தண்ணீர் கொடுத்தாள், குடித்துவிட்டு மறுபடி போட்டார். பிறகு என் போனை வாங்கி லிஸ்ட் முழுவதையும் எழுத்துக் கூட்டிப் படித்தார். 'ரெண்டு தபா' வந்ததும் சிரிப்பு வந்துவிட்டது.

"இது அவங்களுக்குச் சரியாத்தான் வெச்சுக்கீற. என்னுத மாத்து."

"இன்னான்னு மாத்தறது? உங்க பேர சொல்லுங்க, போடச் சொல்றேன்."

போனை என் கையில் திருப்பி வைத்தார். "பேர் போட்டா ஒனக்கு எப்படி அடையாளம் தெரியும்? உடு, இருக்கட்டும். மாவு கொறைஞ்சிதுன்னா அப்புறம் கீது ஒனக்கு." துணிக் குழாயைத் தட்டப் போய்விட்டார்.

அவர்கள் யாரும் எங்களை விட்டுப் போகவில்லை. நாங்கள் எங்கே போனோம் என்றுதான் தெரிந்திருக்கவில்லை. மாப்பிள்ளை இப்போது தன் கடைக்கு வருகிறவர்களிடம் சொல்கிறார்: புது ஆப் எது என்று கேட்காதீர்கள், உங்கள் ஆட்கள் ஏற்கெனவே எதில் பேசிக்கொண்டிருக்கிறார்கள் என்று பாருங்கள். மிளகாய்க்கு எந்த நாள், அரிசிக்கு எந்த நாள் என்று தினமும் குரூப்பில் பேசிப் போடுவது என் வேலை. பேர் வைக்காத ஆட்கள் தங்களுக்கும் ஒன்று வைக்கச் சொல்லிக் கேட்கிறார்கள்.

தீபாவளிக்கு இரண்டு நாள் முன்னால் மகன் வந்தான். எங்கள் மில்லில் ஆட்கள் வரிசையில் நிற்பதில்லை, பைகள்தான் நிற்கும். அன்றைக்குப் பைகளும் தூக்குகளும் சந்து முனை வரை நின்றன. அவன் பைக் உள்ளே வர வழியில்லை. இறங்கி ஒரு பையைத் தூக்கி ஓரமாக வைத்தான்.

"தம்பீ! அது என் பை. எங்க இருந்துச்சோ அங்க வை" என்று வேப்பமரத்தடியிலிருந்து ஒரு குரல்.

சண்டைக்காரக் கேவுருதான் என்று பார்க்காமலே எனக்குத் தெரியும். மகன் பையைப் பழைய இடத்திலேயே வைத்தான். பைக்கை முனையிலேயே நிறுத்திவிட்டு உள்ளே வந்தான். அவன் அம்மா ஒரு துண்டை எடுத்து அவன் கையில் கொடுத்தாள், தலையில் கட்டிக்கொள்ள. ராத்திரி வரைக்கும் மாவு அள்ளினான். மில்லை விற்கிற பேச்சை எடுக்கவேயில்லை.