மஞ்சள் மாவும் ஒரு பொய்யும்

எண்ணெய் காய்ந்துவிட்டதா என்று அறிய அம்மா வாணலியில் ஒரு சொட்டு பஜ்ஜி மாவை விடுவாள். அது அடியில் போய் ஒரு கணம் தயங்கி, பிறகு 'சொய்ங்' என்று மேலே வந்து பந்தாகப் புரளும்போது, அடுப்படியிலிருந்து வாசல்வரை பெருங்காயமும் ஓமமும் கலந்த வாசனை எழுந்து மெட்டுகுடா ரயில்வே குடியிருப்பின் அந்த இரண்டு அறை வீட்டையே நிறைத்துவிடும். அதற்கு எங்கள் வீட்டில் 'சொட்டு பாக்குறது' என்று பெயர். மழைக்காலத்தில் வாரம் ஒரு முறையாவது சொட்டு பார்ப்போம்.

அப்போது எனக்குப் பத்து வயது. அப்பாவுக்குச் செகந்திராபாத்துக்கு மாற்றலாகி நாங்கள் திருநெல்வேலியிலிருந்து வந்து ஒரு வருஷம்கூட ஆகியிருக்கவில்லை. அம்மாவின் தங்கை சுகந்தி சித்தியும் இங்கேயே ஓர் அலுவலகத்தில் தட்டச்சு வேலை கிடைத்து எங்களோடு இருந்தாள். சித்தியை அதற்குள் இரண்டு பேர் பெண் பார்த்துவிட்டுப் போயிருந்தார்கள். ஒரு வீட்டார் உயரம் அதிகம் என்றார்கள், இன்னொரு வீட்டார் பதிலே போடவில்லை. மூன்றாவதாக ஓர் ஆவணி ஞாயிற்றுக்கிழமை பக்கத்துப் போலாரத்திலிருந்து ஒரு மாப்பிள்ளையும் அவருடைய அம்மாவும் வருவதாக ஏற்பாடு. பட்டாளத்தோடு வந்து இரண்டு தலைமுறையாக அங்கேயே தங்கிவிட்ட தமிழ்க் குடும்பம். "இதுவும் தட்டிப் போச்சுன்னா நான் ஊருக்குப் போயி எங்க அம்மா மொகத்துல எப்பிடி முழிப்பேன்?" என்று அம்மா காலையிலிருந்து சொல்லிக்கொண்டே இருந்தாள்.

கேசரி தயாராகிவிட்டது. வாழைக்காயைச் சீவித் தண்ணீரில் போட்டு வைத்தாகிவிட்டது. பிறகுதான் கடலை மாவு டப்பாவில் கையளவுகூட இல்லையென்று தெரிந்தது. "தெலுங்குல சனக பிண்டின்னு கேளு, மறந்துராத" என்று அம்மா என்னைத் துரத்தினாள். 'சனக பிண்டி, சனக பிண்டி' என்று ஜபித்தபடியே மழைத் தூறலில் ஓடினேன். வழக்கமான கடை பூட்டியிருந்தது. அடுத்த தெருக் கடைக்குப் போவதற்குள் இரண்டு குட்டைகளைத் தாண்டினேன், தாண்டியதில் வார்த்தை எங்கோ விழுந்துவிட்டது. சாக்கில் மஞ்சளாக ஒரு மாவு இருந்தது. கையை நீட்டிக் காட்டினேன். கடைக்காரர் தெலுங்கில் ஏதோ கேட்டார். 'ஆமாம்' என்பதற்கு அந்த ஊரில் எங்கும் செல்லுபடியாகும் ஒரே சொல்தான் எனக்குத் தெரியும்: "ஹவ்" என்றேன். காகிதப் பொட்டலம் மழையில் நனைந்து ஓரம் கிழிய, மாவை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வீடு வந்து சேர்ந்தேன்.

வந்தவர்கள் சொன்ன நேரத்துக்கு முன்னாலேயே வந்துவிட்டார்கள். முன்னறையில் அப்பா அவர்களோடு மழையைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்க, திரைக்கு இந்தப் பக்கம் அம்மா அவசர அவசரமாக மாவைக் கரைத்தாள். கையில் நறநறவென்று பட்டதை, கொரகொரப்பாக அரைத்திருக்கிறார்கள் போலும் என்று எண்ணிக்கொண்டாளாம். முதல் ஈடு போட்டாள். மாவு அத்தனையும் காயை விட்டுக் கழன்று அடியில் போய்க் கருக, வாழைக்காய் மட்டும் வெள்ளை வெளேரென்று எண்ணெயில் மிதந்தது. கட்டியாக்கிப் பார்த்தாள், அரிசி மாவு சேர்த்துப் பார்த்தாள். ஒன்றும் ஒட்டவில்லை. பொட்டலத்தில் மிச்சமிருந்ததைக் கிள்ளி வாயில் போட்டுப் பார்த்தாள்.

"ஏட்டி, எந்த மாவ வாங்கிட்டு வந்து நிக்க? இது மக்காச்சோளமுல்லா!"

குரல் உயர்ந்துவிட்டது. முன்னறையில் பேச்சு நின்றது. நான் அழ ஆரம்பித்தேன். "என்ன ஆச்சு உள்ளே?" என்று மாப்பிள்ளையின் அம்மா கேட்டார்.

பட்டுப்புடவையில், தட்டை ஏந்திக்கொண்டு போவதற்காக மூலையில் நின்றிருந்த சித்தி என்னைப் பார்த்தாள். பிறகு யாரும் கூப்பிடாமலே, கையில் தட்டும் இல்லாமலே, திரையை விலக்கிக்கொண்டு போனாள்.

"ஒண்ணுமில்லைங்க. நான்தான் மாவ மாத்திக் கரைச்சுட்டேன். பஜ்ஜி வரல."

"கடலை மாவுகூட உனக்கு அடையாளம் தெரியாதா?" என்றார் அந்த அம்மாள். அப்பா தரையைப் பார்த்தார். அம்மா வாயில் முந்தானையை வைத்துக்கொண்டாள்.

மாப்பிள்ளை எழுந்து, திரையோரம் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்த என்னைக் கண்டார். "நான் போய் வாங்கிட்டு வரேன். வழி காட்ட இந்தப் பாப்பா வரட்டும்."

"மழ பெய்யுதுடா, எதுக்கு உனக்கு இந்த வேல?" என்று அவருடைய அம்மா கேட்டுக்கொண்டிருக்கும்போதே அவர் ஸ்கூட்டரைக் கிளப்பிவிட்டார்.

முன்னால் நின்றுகொண்டு போன எனக்குத் தெரு முனை வரைக்கும்தான் தாங்கியது. "மாமா, சித்தி இல்ல, நான்தான் மாத்தி வாங்கிட்டேன்" என்றேன்.

"ஹவ், தெரியும்" என்றார்.

"எப்பிடி?"

"மாவு கரைச்ச கை எப்படி இருக்கும்? உங்க சித்தி விரல்ல மருதாணி மட்டும்தான் இருந்துச்சு. நீதான் நெஞ்சு பூரா மஞ்சளா நிக்குற."

"உங்க அம்மாட்ட சொல்லிருவீங்களா?"

"நக்கோ, சொல்ல மாட்டேன். சொல்லணும்னா உங்க சித்தியே சொல்லட்டும்."

மாவோடு நீளமான பச்சை மிளகாயும் கால் கிலோ வாங்கினார். நாங்கள் நனைந்து திரும்பியபோது அவருடைய அம்மா இன்னும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டுதான் இருந்தார். ஆனால் மிளகாயைப் பார்த்ததும் அவரால் சும்மா உட்கார முடியவில்லை. உள்ளே வந்து புடவையைச் செருகிக்கொண்டு, மிளகாயைக் கீறிப் புளியும் எள்ளும் அடைக்கத் தொடங்கினார். "காஞ்ச எண்ணெய் ஒரு கரண்டி மாவுல விடுங்க, மொறுமொறுன்னு வரும்" என்று அம்மாவிடம் சொன்னார். அம்மா விட்டாள். கரைத்த மாவு 'புஸ்' என்று பொங்கியது. அன்று நாங்கள் ஆறு பேரும் வாழைக்காயும் வெங்காயமும் மிளகாயுமாகத் தின்றதில், கேசரியை எடுத்து வைக்கவே எல்லாரும் மறந்துபோனோம்.

புறப்படும் முன் மாப்பிள்ளை சித்தியோடு பின்கட்டுக் குழாயடியில் இரண்டு நிமிஷம் பேசினார். என்ன பேசினார்கள் என்று சித்தி பல வருஷம் கழித்துத்தான் எனக்குச் சொன்னாள். "பொய் நல்லா சொல்றீங்க" என்றாராம் அவர். "ஒண்ணுதானே சொன்னேன்" என்றாளாம் இவள்.

தை மாதம் கல்யாணம் நடந்தது. மாப்பிள்ளை எனக்குச் சித்தப்பா ஆனார். அவருடைய அம்மா மட்டும், தாம் இருந்தவரைக்கும், மாவு வாங்குகிற வேலையை மருமகளிடம் கொடுக்கவேயில்லை. "அவளுக்கு அடையாளம் தெரியாது" என்று பக்கத்து வீட்டாரிடமெல்லாம் பிரியமாகவே சொல்லிவந்தார். நான் உண்மையை உடைத்துவிடுவதாக எத்தனையோ முறை சொல்லியும் சித்தி விடவில்லை. "இருந்துட்டுப் போவுது. பையத் தூக்கிட்டுக் கடைக்கு அலையுத வேல எனக்கு மிச்சம்லா" என்பாள்.

அந்தக் குடியிருப்பு வரிசை இன்று இல்லை. இடித்துவிட்டு அடுக்குமாடி கட்டியிருக்கிறார்கள். குழாயடி இருந்த இடம் எதுவென்று எனக்கே சரியாகத் தெரியவில்லை. போன மாதம் சித்தியின் மகள் தான் கட்டிக்கொள்ளப்போகும் பையனைப் போலாரம் வீட்டுக்கு அழைத்து வந்தாள். இருவரும் ஒரே அலுவலகம். எல்லாவற்றையும் அவர்களே பேசி முடித்திருந்தார்கள். யாரும் அடுப்பைப் பற்ற வைக்கவில்லை. கைப்பேசியில் சொல்லி வரவழைத்த பஜ்ஜி அட்டைப்பெட்டிக்குள் வியர்த்துத் துவண்டுபோய் வந்தது. பையன் தெலுங்கிலும் ஆங்கிலத்திலும் பேசிக்கொண்டே அதைச் சந்தோஷமாகத் தின்றான். சித்தியின் மகள் பழைய நைந்த சட்டையோடு சோபாவில் காலை மடக்கி உட்கார்ந்து அவனைக் கேலி செய்துகொண்டிருந்தாள்.

"நம்ம காலத்துல இருந்த அந்தப் பொண்ணு பாக்குற சடங்கே போச்சே சித்தி" என்றேன், கொஞ்சம் ஏக்கத்தோடுதான்.

சித்தி சிரித்தாள். "போனா போவட்டும்ட்டி. நீ அடுப்படியில நின்னு அழுதுட்டிருந்த. பட்டுச்சேலையக் கட்டிக்கிட்டு, அவுக என்ன சொல்லுவாகளோன்னு வேர்த்து நின்னது நான்தானே!" என்று சொல்லிவிட்டு, இருந்ததில் பெரிய பஜ்ஜியாகப் பார்த்து எடுத்துக்கொண்டு போய் மகள் பக்கத்தில் உட்கார்ந்தாள்.